பூஜையில் வைத்த லேப்டாப்

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிப் பட்டுத்துணியால் மூடிவிட்டால், மறுநாள் காலைவரை அவற்றை யாரும் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சென்ற ஆண்டு மகனின் கேமிங் லேப்டாப்பையும், சார்ஜர் செருகியபடியே, அந்த அடுக்கின் அடியில் வைத்தேன்.

"அம்மா, அதுல கேம் இறங்கிக்கிட்டு இருக்கு. காத்துப் போற ஓட்டைய மூடுனா சூடாயிரும்" என்றான்.

"ஒருநாள் வெளையாடலைன்னா ஒனக்கு ஒண்ணும் கொறைஞ்சு போயிறாது" என்றேன். விளையாடச் சாக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன்.

சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது கருகல் வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், பட்டுத்துணி புகைந்துகொண்டிருந்தது. அப்போதும், தொடலாமா என்று தயங்கி நின்றேன். அவன்தான் என்னை விலக்கிவிட்டு, வெறுங்கையால் லேப்டாப்பை இழுத்து வாசலில் எறிந்தான். வலது உள்ளங்கை வெந்துபோனது.

கீரனூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது, "அழாதம்மா, சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்று என்னைத் தேற்றினான்.

புண் ஆறிவிட்டது. ஆனால் விரல்கள் இன்னும் சரியாக மடங்குவதில்லை. பரீட்சையில் பேனா பிடிக்கத் தடுமாறுகிறான். அவன் நன்றாகப் படிக்க வேண்டும் என்றுதான் அன்று நான் கும்பிட்டேன்.