பிளான் வைத்திலிங்கம் அறுத்த பலகை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மூவாரிலிருந்து தந்தி வந்தது. வைத்திலிங்கம் காலமானார், நாளை தகனம் என்று இருந்தது. அனுப்பியவர் என் அக்கா செல்லம்மாள். அந்தப் பெயரைத்தான் இரண்டு முறை படித்தேன். வைத்திலிங்கம் கட்டிய அடுப்பு மேடையில் வெந்தது அக்காவின் கை.

எனக்கு அவரைப் பிடிக்காது. பன்னிரண்டு ஆண்டுகளாக நாங்கள் பேசியதில்லை. மூவார்த் தெருவில் நான் எதிரே வந்தால் அவர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார், மழை இருக்காது. பத்திரிகைக்காரனான நான் துக்க வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி மீனாட்சியம்மாள் சொன்னார்: "பேப்பர்ல நல்லவரு, தங்கமானவருன்னு எழுதிடாதீங்க. அவருக்கே சிரிப்பு வரும். நடந்தத எழுதுங்க."

நடந்ததை எழுதுகிறேன்.

மலாயாவின் ஜோகூர் மாநிலத்தில் பழைய வீடுகளுக்குள் புதுச் சமையலறை கட்டுவதில் அவருக்கு இணை இல்லை. வரைபடம் இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்கமாட்டார் என்பதால் 'பிளான் வைத்திலிங்கம்' என்றே அழைத்தார்கள். தரையில் குந்திப் புகையில் சமைத்தவர்களுக்கு நின்று சமைக்கும் மேடை, புகைக்குழாய், வெள்ளை ஓடு, உள்ளேயே தண்ணீர்க்குழாய் என்று எல்லாம் கொண்டுவந்தார். வாய்தான் பொல்லாதது. கொத்தனாரிடம், "இது சுவரா, பாம்பு போன தடமா?" என்பார். வீட்டுக்காரர் யோசனை சொன்னால், "நீங்க சாப்பிடுங்க. நான் கட்டுறேன்."

பெரிய போர் முடிந்த சில ஆண்டுகளில், கொப்பரை வியாபாரியான என் அத்தான் மூவார் ஆற்றோரத்தில் ஒரு மர வீட்டை வாங்கினார். முந்தைய தலைமுறையில் ஒரு மலாய்ப் பெங்குலு, அதாவது ஊர்த்தலைவர், கட்டியது. பின்கட்டுச் சுவரில் கொடியும் பூவுமாகச் செதுக்கிய ஒரு நீளப் பலகை இருந்தது. வைத்திலிங்கம் வந்த முதல் நாள் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அன்று அவர் யாரையும் திட்டவில்லை.

அளவெடுத்த நாளில் நானும் அங்கே ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தேன்.

"யாரு சமைப்பாங்க?" என்றார்.

"யாரு, வீட்ல அவங்கதான்," என்றார் அத்தான்.

"அப்ப வந்து நிக்க சொல்லுங்க. முழங்கை உயரம் பாக்கணும்."

"அலமாக், ஐயய்யோ, அது எப்படிங்க? வேத்து ஆம்பள முன்னால வந்து அளவுக்கு நிப்பாங்களா? வேணும்னா என்ன பாருங்க."

அத்தான் ஆறடி. அக்கா ஐந்தடியைத் தொடமாட்டாள். வைத்திலிங்கம் ஒரு கணம் தயங்கினார். பிறகு அத்தானின் முழங்கையை அளந்து எழுதிக்கொண்டார்.

மேடை அக்காவின் மார்பு வரை வந்தது. "இதுமேல ஏறி உக்காந்து சமைச்சாதான் சரியா வரும்," என்றாள். தாழ்த்தித் தரச் சொல்லி இரண்டு முறை ஆள் அனுப்பினாள். புகைக்குழாய் செதுக்குப் பலகைக்கு மேலாக வெளியே போனது. மேடை தாழ்ந்தால் குழாயும் தாழும்; பலகையை அறுக்க வேண்டிவரும். "அறுக்கமாட்டேன். நிக்கப் பழகச் சொல்லுங்க," என்று பதில் வந்தது.

அக்கா ஒரு பெட்டிமேல் நின்று சமைத்தாள். மூன்றாம் மாதம், சோற்றுப் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிக்கும்போது பெட்டி ஆடியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்தது. உலை வைக்க இடம் வரைந்தவர், வடிக்க இடம் வரையவில்லை.

பத்திரிகையில் எழுதினேன். மேடையின் உயரம், அக்காவின் உயரம், பலகையின் அகலம் எல்லாவற்றையும் அங்குலக் கணக்கில் போட்டேன். இரண்டு வீட்டார் அவருக்குத் தந்த வேலையைத் திரும்பப் பெற்றார்கள். அவர் அலுவலகத்துக்கே வந்தார்.

"அளவெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க. உங்க அத்தான் முழங்கைய நீட்டினப்ப ஊஞ்சல்ல உக்காந்து சிரிச்சது யாருன்னு மட்டும் விட்டுட்டீங்களே."

அடுத்த இதழிலும் நான் அதைப் போடவில்லை. குடை விரிந்தது அதற்குப் பிறகுதான்.

அந்த வாரமே அவர் ரம்பத்தோடு அக்கா வீட்டுக்குப் போனதாக அத்தான் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று ஒரு மூங்கில் கழியை நீட்டினார். "அம்மா, இத உள்ள எடுத்துட்டுப் போங்க. முழங்கை எங்க வருதோ அங்க கரியால ஒரு கோடு போடுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன்." கோட்டோடு கழி வெளியே வந்தது. கூலியாளை விலக்கிவிட்டு அவரே பலகையை அறுத்தார்.

"இருக்கட்டுங்க, பலகை பாழாகுதே," என்றார் அத்தான்.

"கை பாழாச்சு. பலகைய இப்ப யாரு கேட்டா?"

மேடை தாழ்ந்தது. பக்கத்தில் முழங்கால் உயரத்தில், கஞ்சி வடிக்க ஒரு தொட்டியும் கட்டினார். அறுத்த துண்டிலிருந்து ஒரு கோல் இழைத்துக்கொண்டார். அதன்பின் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அந்தக் கோலைத்தான் சமையலறைக்குள் அனுப்புவார். ஒரு பக்கம் செதுக்கிய கொடி. மறுபக்கம் ஊர்ப் பெண்களின் கரிக்கோடுகள்.

புதன்கிழமை, பாடையில் அவரோடு வைக்க மீனாட்சியம்மாள் அந்தக் கோலைக் கொண்டுவந்தார். தழும்பேறிய கையை நீட்டி அக்கா அதை வாங்கிக்கொண்டாள்.

"இத எரிச்சு என்ன பண்றது? அடுத்து வர்ற பிளான்காரனுக்கு முழங்கை உயரம் யாரு சொல்றது?"

பிறகு என்னைப் பார்த்தாள். "தம்பி, அன்னிக்கு நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். நீ சிரிச்சது கேட்டுச்சு. இப்பவாச்சும் அத எழுது."

எழுதிவிட்டேன். சிரித்தவன் நான்தான்.

வைத்திலிங்கம் அவர்களே, உங்களை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. நீங்கள் போகும் பாதையில் நான் எதிரே வரப்போவதில்லை. குடையை மடக்கிக்கொண்டு போகலாம்.