பூ வாளித் தண்ணீர்

என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து நின்று, கையை ஆட்டித்தான் சொல்வேன்.

தக்கலைக்குப் பக்கத்தில் எங்களுடையது வெள்ளைக்காரர் காலத்துப் புராட்டஸ்டன்ட் மிஷன் சபை. என் வீட்டுக்காரர் கடற்கரைக்காரர், கத்தோலிக்கர். கல்யாணம் எங்கள் கோயிலில் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக மாமியார் கல்யாணத்துக்கே வரவில்லை. பிறகு ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தவர், அம்மா கொண்டுவைத்த தண்ணீர் டம்ளரைத் தொடாமலே எழுந்து போய்விட்டார். அன்றைக்கு அறுந்த பேச்சு, பிள்ளை பிறந்தும் ஒட்டவில்லை.

ஞானஸ்நானத்துக்கு மாமியாரை அழைத்திருந்தோம். வருவாரா மாட்டாரா என்று எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

"நம்ம வீட்டு வெள்ளத்தத் தொடாதவ, நம்ம கோயிலுக்குள்ள வருவாளாக்கும்?" என்றாள் அம்மா. அவளும் லேசுப்பட்டவள் அல்ல.

நானோ ஓய்வுநாள் பள்ளியில் வருஷக்கணக்காகப் பாடம் எடுப்பவள். வேதத்தில் எனக்குப் பிடித்ததெல்லாம் தண்ணீர்க் கதைகள்தான். வெளிச்சம் உண்டாவதற்கு முன்னாலேயே அங்கே தண்ணீர் இருக்கிறது! கடல் பிளந்து வழி விடுகிறது, கன்மலை சுரக்கிறது, யோர்தானில் முங்கி எழுந்த படைத்தலைவனுக்குக் குஷ்டம் போகிறது. கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் குடிக்கத் தண்ணீர் கேட்கும் இடம் வந்தால் இரண்டு தடவை வாசிப்பேன். ஒருவர் பாத்திரத்தில் ஒருவர் புழங்காத இரண்டு கூட்டம். கொடுக்கக்கூடியவரே முதலில் வாய்விட்டுக் கேட்டார், பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே எனக்கு வாய்த்தது இரண்டு பிடிவாதக்காரிகள்!

அன்று ஆராதனைக்கு மணி அடித்தாயிற்று. தம்பி தோவாளைச் சந்தையிலிருந்து கட்டுக்கட்டாகச் சம்பங்கி வாங்கி வந்திருந்தான். பீடத்தை அலங்கரித்தது போக மிச்சத்தை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, கோயில் வாசலின் வலப்பக்கம் ஸ்டூலின்மேல் வைத்திருந்தார்கள். நான் பிள்ளையோடு அங்கேயே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது மாமியார்! பிள்ளையைக் கீழே போட்டுவிடாமல் இருந்தது தேவ கிருபை.

கத்தோலிக்கர் கோயில்களில் வாசலோரம் தீர்த்தத் தொட்டி இருக்கும். விரலை நனைத்துச் சிலுவை வரைந்துகொண்டுதான் உள்ளே நுழைவார்கள். எங்கள் கோயிலில் அப்படியொன்று கிடையாது. ஆனால் ஆயுசுப் பழக்கம் கண்ணைக் கேட்டா நடக்கும்? படியேறி வந்த மாமியாரின் கை தானாக நீண்டு பூ வாளிக்குள் போயிற்று. நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள். நெற்றியில் ஒரு சம்பங்கி இதழ் ஒட்டிக்கொண்டது.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த வாயைத் தைக்கவேண்டும்போல் வந்தது எனக்கு. மாமியார் அப்போதுதான் வாளியைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"நான் போறேன் மக்கா," என்று என்னிடம் சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு படியிறங்கினார்.

முன்வரிசையிலிருந்து அம்மா எழுந்து வந்தாள். முடிந்தது கதை என்று நினைத்தேன். வந்தவள் என்னைத் தாண்டிப் போய், வாளிக்குள் மணிக்கட்டு வரை கையை முக்கி எடுத்து, எல்லோரும் பார்க்கச் சிலுவை வரைந்தாள். எங்கள் சபையில் யாருக்கும் இல்லாத பழக்கம். வலத்தோளை முதலில் தொட்டாள், சேலையெல்லாம் ஈரம்.

"அப்பிடியில்ல," என்றார் மாமியார், படியில் நின்றபடியே. "எடது தோளு மொதல்ல."

"நமக்குத் தெரியாதுல்லா. காட்டித் தாருங்க."

மாமியார் திரும்ப ஏறி வந்தார். அம்மாவின் ஈரக்கையைப் பிடித்து, சின்னப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் தோளுக்குத் தோள் கொண்டுபோனார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது, ஆராதனை முழுவதும் நிற்கவில்லை.

சபைப் போதகர் ஐயர் பிள்ளையின் தலையில் தண்ணீர் விட்டபோது என் மகள் ஊரைக் கூட்டினாள். அவளை வாங்கித் துடைத்தது மாமியார்தான்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் நல்ல வெயில். மாமியார் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"சம்மந்தி, குடிக்க இத்திரி வெள்ளம் தருவியளா?"

அம்மா ஓடினாள். முட்டுவலிக்காரி, வீட்டைப் பார்த்து ஓடினாள்!