நான் அடித்த தந்தி என் கைக்கே வந்தது

தூத்துக்குடியில் கப்பலை விட்டுப் படகில் கரைக்கு வந்தபோது எனக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே ஒரு நாள் நடைதான் இருந்தது. அந்த ஒரு நாள் நடையைக் கடக்க எனக்கு ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளில் நான் பட்ட பாட்டையும், ஆண்டவர் எனக்குச் செய்த உதவியையும் உங்களுக்குச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவன் ஆவேன்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், ஐப்பசிக் கடைசி. என் தங்கை ஞானப்பூவுக்குக் கல்யாணம். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கத் தொடங்கியாயிற்று, தகப்பன் ஸ்தானத்தில் நீதான் கைப்பிடித்துக் கொடுக்கவேண்டும் என்று அம்மை சொல்ல, உபதேசியார் காகிதம் எழுதியிருந்தார். நான் அப்போது கண்டிச் சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் ரைட்டர். துரையிடம் இரண்டு வாரம் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு, தங்கைக்கு ஒரு பட்டு ரவிக்கைத் துணியும் அம்மைக்கு ஒரு கம்பளியும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். வியாழக்கிழமை காலை தூத்துக்குடி. கல்யாணம் அடுத்த புதன்கிழமை.

கப்பலில் எங்களோடு வந்த ஒருவருக்கு உடம்பெல்லாம் கொப்புளம். கரையில் நின்ற டாக்டர் அவரைப் பார்த்ததும் முகம் மாறிப்போனார். பெரியம்மை என்று சந்தேகம். கப்பலில் அவரோடு ஒரே தளத்தில் வந்த நாற்பது பேரையும் அப்படியே ஊருக்கு வெளியே ஒரு கொட்டகைக்குக் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். பத்து நாள் யாரும் வெளியே போகக்கூடாது என்றார்கள். சுற்றிலும் முள்வேலி. மழையோ புதன்கிழமையிலிருந்து விடாமல் பெய்துகொண்டிருந்தது. கூரை ஒழுகியது. ரவிக்கைத் துணியை நனையாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த இடத்தில் என் கர்வத்தைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் சிலேட்டைத் தொட்டவர் ஒருவரும் இல்லை. எல்லாரும் பனையேறிகள். மிஷன் போர்டிங்கில் சேர்ந்து இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தான். தோட்டத்து ஆபீஸில் துரைக்காகத் தினமும் தந்தி எழுதி எழுதி, தந்தி எனக்குச் சாப்பாட்டு வேளை போலச் சாதாரணமாகிவிட்டது. ஆகவே கொட்டகைக் காவல்காரரைக் கூப்பிட்டு, ஒரு தாளில் நல்ல இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். தூத்துக்குடியில் நிறுத்திவிட்டார்கள், சுகமாயிருக்கிறேன், எனக்காகக் காத்திருக்கவேண்டாம், மாமா கைப்பிடித்துக் கொடுக்கட்டும் என்று. அம்மை பேருக்கு. எழுதிவிட்டு ஒரு தடவை வாசித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

எனக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்தவர் காயல்பட்டினத்து வியாபாரி. கொழும்பில் கடை வைத்திருப்பவர். மச்சான் மகள் நிக்காஹ்வுக்கு வந்தவர் என்னைப் போலவே மாட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துவிட்டு வந்து, வீட்டுக்குத் தகவல் சொன்னீர்களா என்று கேட்டார். தந்தி கொடுத்தேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊர்ல இங்கிலீசு தெரிஞ்சவங்க யாரு தம்பி?"

"நான்தான்."

"நீங்க இங்கன இருக்கீங்க. அங்கன யாரு படிப்பா?"

அவரே மெதுவாகச் சொன்னார்: "நாங்க நல்லதுக்கு ஆள அனுப்புவோம், மவுத்துக்குத்தான் தந்தி அடிப்போம். ஒங்க ஊர்ல எப்படியோ."

எங்கள் ஊரிலும் சாவுக்குத்தான் தந்தி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மறந்திருந்தேன். எங்கள் தெருவில் பெண்கள் சண்டை போட்டால், "ஒன் வீட்டுக்குத் தந்தி வர" என்றுதான் ஏசுவார்கள். அந்த ஏச்சு எங்கள் வீட்டுக்கு ஒருமுறை பலித்தும் இருக்கிறது. நான் போர்டிங்கில் இருந்த காலத்தில் அய்யா கண்டிச் சீமைக்குக் கூலிக்குப் போனார். ஒரு நாள் தபால் சேவகர் சிவப்புக் கையெழுத்துப் புத்தகத்தோடு வந்து, சாவுத் தந்தி என்று சொல்லி அம்மை கையில் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் இங்கிலீஷ். வாசிக்க ஆள் இல்லை. அம்மை அங்கேயே விழுந்துவிட்டாள். பின்னால் கங்காணியின் ஆள் அய்யாவின் துணி மூட்டையைக் கொண்டுவந்து, இறந்தது உண்மைதான் என்றார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றுமுதல் அம்மை தினமும் ஜெபத்தின் முடிவில், "ஆண்டவரே, அவங்கள ஜெபம் பண்ணி அடக்கம் பண்ணுனாங்களா, சும்மா தூக்கிப் போட்டாங்களா, அத மட்டும் எனக்குத் தெரியப்படுத்தும்" என்பாள். நான் கண்டிச் சீமைக்குப் போனதும் விசாரித்தேன். அந்தத் தோட்டம் கைமாறிப் பழைய ஆட்கள் யாரும் இல்லை.

அப்படிப்பட்டவள் கையில், அதே சீமைக்குப் போன மகனிடமிருந்து, கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால் ஒரு தந்தி. அவள் பிழைப்பாளா? பிழைத்தாலும் பந்தல் போட்ட வீட்டில் ஒப்பாரி விழுந்தபின் மாப்பிள்ளை வீட்டார் நிற்பார்களா? நாம் கிறிஸ்தவர்கள், சகுனம் பார்ப்பதில்லை என்று பிரசங்கத்தில் கேட்கிறோம். ஆனால் மணமேடைக்கு முன்னே அண்ணனைத் தின்றவள் என்று ஞானப்பூவுக்குப் பேர் வைக்க எங்கள் பக்கத்தில் ஒரு பொழுது போதும். இரண்டு வாரத்தில் கிறிஸ்துமஸுக்கு ஆயத்த நாட்கள் வந்துவிடும், அப்புறம் கோயிலில் கல்யாணம் இல்லை. நின்ற கல்யாணம் நின்றதுதான்.

நான் தந்தியை நிறுத்தச் சொல்லிக் காவல்காரரிடம் ஓடினேன். அது நேற்றே போயிற்று என்றார். என்னையாவது விடுங்கள் என்று அழுதேன். அவர் தாம் பிள்ளைகுட்டிக்காரர் என்று சொல்லி, எட்ட நின்று கும்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊருக்கு இப்பால் ஓடும் ஆற்றுப் பக்கத்திலிருந்து வாழைத்தார் கொண்டுவந்த வண்டிக்காரரிடம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று விசாரித்தேன். அவர் தலைத்துண்டைப் பிழிந்துகொண்டே, "ஆறு ரெண்டு கரையும் தொட்டுப் போவுது வே. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலருந்து தோணி கெடையாது. நீரு வெளிய வந்தாலும் அங்கன போய்ச் சேரமாட்டீரு" என்றார். எங்கள் ஊர் தென்கரை. தந்தி ஆபீஸ் வடகரை. நான் கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை அடித்த தந்தி வெள்ளிக்கிழமை காலையில் ஆபீஸுக்கு வந்திருக்கும். மத்தியானத்துக்குள் அம்மை கைக்குப் போயிருக்கும். சாயங்காலம் ஆறு வழியை அடைத்துவிட்டது. கெட்ட செய்தி போக வழியிருந்தது, அதை மாற்றிச் சொல்ல வழியில்லை.

அன்று நான் ஜெபித்ததை ஜெபம் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது. வியாழன் முதல் மழையை நிறுத்தும், மழையை நிறுத்தும் என்று கேட்டுக்கொண்டிருந்தவன், அன்று முறுமுறுத்தேன். ஒரு மழையை நிறுத்த உமக்கு மனமில்லையே என்றேன். என் படிப்பு, என் இங்கிலீஷ் எல்லாம் எனக்கு அருவருப்பாயிருந்தது. கடைசியில், "நான் செய்த மூடத்தனத்துக்கு என் அம்மையைத் தண்டியாதேயும். அந்தக் காகிதத்தை நீர் பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் சொல்லி முகங்குப்புறக் கிடந்தேன். காயல்பட்டினத்தார் என் முதுகில் கை வைத்து, தாமும் துஆ கேட்டதாகச் சொன்னார். அவர் பங்கைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்ச்சாட்சி.

திங்கட்கிழமை பிற்பகல் பெரிய டாக்டர் ஒருவர் வந்தார். நோயாளியின் கொப்புளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இது பெரியம்மை இல்லை, சின்னம்மை என்று சொல்லிவிட்டார். மறுநாள் விடியுமுன் எங்களை விட்டுவிட்டார்கள்.

மழை நின்றிருந்தது. நான் நடந்தேன் என்று சொல்வதைவிட ஓடினேன் என்று சொல்லலாம். ஆனால் நல்லது நடக்கும் என்று நம்பி ஓடவில்லை. வழியில் எங்கள் பக்கத்து ஆள் யாராவது எதிரே வந்து என்னைப் பார்த்து அலறுவாரோ என்று பயந்து, முக்காடு போட்டுக்கொண்டு ஓடினேன். வயல்கள் ஏரி போலக் கிடந்தன. ஒரு கிராமத்தில் கூரைகள் தரையோடு தரையாய்ப் படுத்திருந்தன.

பொழுது உச்சிக்கு வந்தபிறகு துறைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆறு செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. ஆனாலும் வடிந்திருந்தது. தோணிக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கரையில் பத்துப் பதினைந்து பேர். அவர்களுக்கு நடுவே காக்கிச் சட்டையும் தோள்பையுமாக ஒரு தபால் சேவகர் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். என்னையும் பார்த்தார்.

"தென்கரையா வே? பாக்கியம்னு ஒரு அம்மாளத் தெரியுமா? சாவுத் தந்தி ஒண்ணு நாலு நாளா எங்கிட்டக் கெடக்கு."

மணலில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டு, சாயங்காலம் துறைக்கு வந்திருக்கிறார். அப்போதுதான் தோணியை மேலே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்களாம். ஒரு பாக்குப் போடும் நேரம் முன்னால் வந்திருந்தால் அக்கரை போயிருப்பேன் என்று அவர் அலுத்துக்கொண்டார்.

அது சாவுத் தந்தி இல்லை என்றேன்.

"நீரு பாத்தீராக்கும்?"

"நான்தான் அடிச்சேன். அவங்க மகன்."

அவர் தந்தியைப் பையிலிருந்து எடுத்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். "செத்தவன்ட்டயே தந்தியக் குடுத்துட்டு நான் ஆபீசுல என்ன வே சொல்லுதது?"

எல்லாரும் சிரித்தார்கள். தோணிக்காரர், "செத்தவன் கையெழுத்தும் போடுவான், குடும்" என்றார். நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. கையெழுத்துப் போட்டு என் தந்தியை நானே வாங்கி வேதபுத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

தோணி நடு ஆற்றுக்கு வந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. நிறுத்தும், நிறுத்தும் என்று நான் எந்த மழைக்காக முறுமுறுத்தேனோ, அந்த மழைதான் அந்தக் காகிதத்தைப் பிடித்துவைத்திருந்தது. என் முதல் ஜெபத்தை அவர் கேட்டிருந்தால் என் இரண்டாவது ஜெபத்துக்கு இடமே இருந்திராது.

ஆனால் எனக்காகத்தான் மழை பெய்தது என்று நான் சொல்லமாட்டேன். அந்த வெள்ளம் கீழூரில் ஒருவரைக் கொண்டுபோயிற்று. அவர் வீட்டிலும் ஜெபித்திருப்பார்கள். இதற்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

வீட்டில் அம்மை என்னைக் கண்டதும், "லே, கல்யாணத்துக்கு மொத நாள் வாரவன் அண்ணனா, விருந்தாளியா?" என்று ஏசினாள். அந்த ஏச்சைப் போல இனிப்பானது நான் கேட்டதில்லை. புதன்கிழமை ஞானப்பூவைக் கைப்பிடித்துக் கொடுத்தேன். எவ்வளவு காத்தும் நனைந்துபோன ரவிக்கைத் துணியில் சாயம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவள் அதையே தைத்துப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள், பந்தல் பிரித்தபின், அம்மையிடம் எல்லாவற்றையும் சொல்லித் தந்தியை அவள் முன்னே வைத்தேன். தொடப் பயந்தாள். பிறகு கேட்டாள்: "இதுல என்னதான் எழுதியிருக்கு? படி."

சுகமாயிருக்கிறேன் என்பதைத் தமிழில் சொன்னேன். அம்மை எழுந்து உள்ளே போய்க் கல்யாணச் சேலை வைத்திருக்கும் ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்தாள். அடியிலிருந்து மடித்துப் பழுத்த ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். "அப்ப இதுலயும் ஏதாவது எழுதியிருக்குமோ?"

அய்யாவுக்கு வந்த தந்தி. தீட்டுக் காகிதம் போல அதை ஒளித்து வைத்திருந்தாள். அப்படி ஒன்று இன்னும் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, நானும் ஒருநாளும் கேட்டதில்லை. எழுத்து மங்கியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன். ஒரே வரி. மாசிலாமணி காய்ச்சலால் ஞாயிற்றுக்கிழமை இறந்தான், உபதேசியார் ஜெபத்தோடு அடக்கம்.

"திரும்பப் படி" என்றாள் அம்மை. படித்தேன். மூன்றாம் தரமும் படிக்கச் சொன்னாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "எம் பெட்டிக்குள்ளயே இருந்திருக்கு" என்றாள். அவள் ஒன்பது வருஷம் கேட்ட ஜெபத்துக்கு, கேட்கத் தொடங்குமுன்பே பதில் வீட்டுக்குள் வந்துவிட்டது. வாசிக்கத்தான் ஆள் இல்லை. வாசிக்கத் தெரிந்த மகனும் தன் படிப்பைத் துரைக்குக் காட்டிக்கொண்டு இருந்தான்.

லீவு முடிந்து நான் திரும்பிப் போனாலும் மனம் அங்கே ஒட்டவில்லை. அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டு வந்தேன். இப்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். பொழுது சாய்கிற நேரத்தில் பெண்களுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். அம்மை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். எங்கள் தெருவில் "தந்தி வர" என்று ஏசுவதும் குறைந்திருக்கிறது.

இதை வாசிக்கிறவர்களே, நீங்கள் கேட்டது கிடைக்கவில்லை என்று என்னைப் போல முறுமுறுக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். வழியை அடைக்கிற ஆறு எதைத் தடுத்து நிற்கிறது என்று கரையில் நிற்கிறவனுக்குத் தெரியாது. உங்கள் பெட்டியின் அடியிலும் ஒரு முறை பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் என்னிடம் கொண்டுவாருங்கள், நான் வாசித்துச் சொல்கிறேன். என் படிப்பு அதற்குத்தான் என்று நான் இப்போது அறிந்திருக்கிறேன்.