முதல் ஒரு மணி நேரம்

அந்த விதியைப் போட வைத்ததே நான்தான். கிள்ளானில் ஓர் அடுக்குமாடி. கார் நிறுத்துமிடத்தில் கோயில் பந்தலா, கல்யாணப் பந்தலா என்று தமிழ் வீடுகளும் மலாய் வீடுகளும் முட்டிக்கொண்ட இடம். இரண்டு பக்கத்துப் பெண்களும் மாதம் ஒருமுறை கீழ்த்தள மண்டபத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். கூட்டத்தை நடத்துவது என் வேலை, செலவு ஒரு வெளிநாட்டு நிறுவனத்துடையது. அங்கிருந்து வரும் வெள்ளைக்கார அம்மா வந்து உட்கார்ந்தால் போதும், எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி "எல்லாம் நல்லா இருக்கு" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் அவரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்: காசும் முடிவும் யார் கையில் இருக்கிறதோ, அவர் முதல் ஒரு மணி நேரம் மண்டபத்துக்குள் இருக்கக் கூடாது. அவர் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

அதிலிருந்து அவர் மாடிப்படி ஓரம், மோட்டார்சைக்கிள்களுக்குப் பக்கத்தில், தண்ணீர் போத்தலோடு நிற்பார். உள்ளே நாங்கள் ஒருத்தியை ஒருத்தி கிழித்துத் தொங்கப்போடுவோம். அப்புறம் விழுந்து விழுந்து சிரிப்போம். கீழே நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு விற்கிற அக்காதான் கூட்டத்துக்கே வாய். என் தோளில் தட்டி, "இவளுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சாத்தான் இந்த வாய் அடங்கும் லா" என்பார். ஐம்பதை நெருங்குகிற எனக்கு! பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறையில் தனியாகச் சாப்பிட்டுத் தனியாகப் படுக்கிறவள் நான். என்னைத் தொட்டுப் பேச ஆள் இருந்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

கதவு திறந்ததும் வெள்ளைக்கார அம்மா ஆசையாகக் கேட்பார், என்ன அப்படிச் சிரிப்பு என்று. "சும்மா" என்பேன். எங்களுடையது எங்களோடு இருக்கட்டும் என்கிற திமிர்தான், வேறென்ன.

போன வருஷம் அந்த நிறுவனம் உருப்படியாக ஒன்று செய்தது. இனிமேல் எதற்குச் செலவழிப்பது, எதை நிறுத்துவது, எல்லாம் இங்கேயே முடிவாகட்டும் என்று பொறுப்பை என் கையில் கொடுத்தது. அந்த அம்மாவும் விடைபெற்றுப் போய்விட்டார். இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியது வீண் போகவில்லை என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் முறுக்கு வாங்கிக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் போனேன்.

மண்டபத்தில் எல்லாரும் வட்டமாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு நாற்காலி. அதன்மேல் ஒரு தண்ணீர் போத்தல்.

"என்னக்கா இது கூத்து" என்று பாயில் உட்காரப் போனேன். நாசி லெமாக் அக்கா எழுந்து வந்தார். என் தோளைத் தொடவில்லை.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. முதல் ஒரு மணி நேரம் நீங்க வெளிய இருக்கணும்ல? நீங்க போட்ட ரூல்தானே."

"அது அவங்களுக்குக்கா. நான் உங்க ஆளு."

"இப்ப எங்களுக்கு உண்டு, இல்லன்னு சொல்றது நீங்கதானே, மேடம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். மரியாதையாகச் சொன்னார். மலாய்ப் பெண்கள் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. நான் பேசிய பேச்சுதானே அத்தனையும். முறுக்குப் பையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

மாடிப்படி ஓரம் நின்றேன். மோட்டார்சைக்கிள்கள் அப்படியேதான் இருந்தன. கையில் போத்தலை வேறு எடுத்து வந்திருந்தேன். உள்ளே குரல்கள் ஏறின, இறங்கின, யாரோ யாரையோ திட்டினார்கள். அப்புறம் அந்தச் சிரிப்பு. நான் போட்ட விதி சரியான விதிதான், நாளைக்குக் கேட்டாலும் அதையே போடச் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அங்கே நின்று அழுதேன்.

கதவு திறந்தது. "வாங்க மேடம், உள்ள வாங்க" என்றார் அக்கா. சிரித்ததில் அவர் கண்ணெல்லாம் ஈரம்.

"என்னக்கா அப்படிச் சிரிப்பு?"

"சும்மா, மேடம்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்.