சோப்பு டப்பாவுக்குள் ஒரு வஞ்சம்

ரிப்பேர் கடையில் அவளுக்கு முதலாளி வைத்த பெயர் தேள். அவளுக்கும் அந்தப் பெயரில் ஒரு பெருமைதான். ஒன்றாம் வகுப்பில் தன் பென்சிலை ஒடித்தவள் என்பதற்காக ஒருத்தியின் கல்யாணத்துக்கே போகாதவள். அப்பேர்ப்பட்டவளை வேலை மேசையிலிருந்து எழுப்பிவிட்டுத் தன் மச்சினனை உட்காரவைத்தார் அந்த மனுஷர். என்ன துணிச்சல் பாருங்கள்!

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த சாமானை முதலாளி ஒயரைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். தொங்கினால் சரி. அறுந்தால் பற்றவைத்த ஆள் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். அன்று அவள் முடித்த ரேடியோவைத் தூக்கும்போது வேண்டுமென்றே வெடுக்கென்று சுண்டினார். ஒயர் கையோடு வந்துவிட்டது.

"உன் கை இனிமே சரிப்படாது. கடையக் கூட்டிக்கிட்டு இரு" என்றார்.

மச்சினன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். குப்பை டப்பா காலடியிலேயே இருக்கும். ஆனாலும் வெட்டிய ஒயர்த் துண்டுகளைத் தரையில்தான் போடுவான். "அக்கா, இங்க கொஞ்சம் குப்பை கெடக்கு பாருங்க" என்று பல்லைக் காட்டுவான். குனிந்து பொறுக்குவாள். அந்த நாற்காலி திரும்பக் கிடைக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்கப்போவதில்லை.

கழித்துப்போட்ட சாமான்களில், கூடு நொறுங்கிய ஒரு கையடக்க வீடியோ கேம் கிடந்தது. கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, திரையையும் பட்டன்களையும் ஒரு சோப்பு டப்பாவின் மூடியில் பொருத்தினாள். பேட்டரியை டப்பாவுக்குள் அடியில் வைத்தாள். மூடியைத் திறந்தால் ஒயர் எட்டவில்லை, நீட்டியாக வேண்டும். ஈயத்தை உருக்கிச் சால்டர் வைக்கும் கருவியோ முதலாளியின் பூட்டிய டிராயரில்.

"பழிவாங்க ஒனக்கு சோப்பு டப்பாதான் கெடச்சுதா?" என்றான் கணவன்.

"வாய மூடிக்கிட்டு அந்த லைட்டரக் குடுங்க."

முதலில், சூடு பட்டால் சுருங்கும் குழாய்த் துண்டுகளை ஒயர்களில் கோத்துத் தள்ளிவைத்தாள். மச்சினன் எப்போதும் இதை மறந்துவிட்டு, முறுக்கி முடித்தபின் தலையில் அடித்துக்கொள்வான். பிறகு உறையைச் சீவி, இரண்டு செம்பு நுனிகளையும் குறுக்கே வைத்து, இதை அதன்மேலும் அதை இதன்மேலும் நெருக்கமாகச் சுற்றினாள். ஒவ்வொரு முறுக்குக்கும் முதலாளியின் காதை நினைத்துக்கொண்டாள். சிவப்பு ஒயரை ஓரிடத்திலும், ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி கறுப்பைச் சற்றுத் தள்ளியும் இணைத்தாள். குழாயை மேலே நகர்த்தி லைட்டரைக் காட்டியதும் அது சுருங்கிக் கவ்விக்கொண்டது.

மறுநாள் கடையில் கூட்டம் சேரும்வரை காத்திருந்து, அந்த டப்பாவைக் கொண்டுபோய் முதலாளியிடம் நீட்டினாள்.

"அண்ணே, இதக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க. சால்டரே வைக்கல."

"வெறும் முறுக்கா? ஊதுனாலே பிரிஞ்சிரும்!" என்று சிரித்தபடி மூடியைத் திறந்து, பேட்டரியைப் பிடித்துத் தூக்கினார். டப்பா தொங்கியது. சுண்டினார். ம்ஹூம். இன்னும் ஓங்கிச் சுண்டினார். திரையில் ஆட்டம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கைதட்டினார்கள்.

"இப்ப அதையும் தூக்குங்கண்ணே." மச்சினன் அப்போதுதான் முடித்துவைத்த ஸ்பீக்கரைக் காட்டினாள். மச்சினன் வேலையை அவர் ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை.

"அதெல்லாம் எதுக்கு..." என்று மழுப்பினார்.

"ஏன், தூக்குங்களேன். என்னோடதுதானே!" என்றார் கூட்டத்தில் நின்ற ஸ்பீக்கரின் சொந்தக்காரர்.

தூக்கினார். சுண்டவே இல்லை. பாதி உயரத்திலேயே அறுந்து, ஸ்பீக்கர் மேசைமேல் தொப்பென்று விழுந்தது. சொந்தக்காரர் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. முதலாளி யார் முகத்தையும் பார்க்காமல் முனகினார்.

"எந்திரிடா."

அவள் உட்கார்ந்தாள். பாவம் என்று தோன்றியதா? துளிகூட இல்லை. நெஞ்செல்லாம் குளுகுளுவென்று இருந்தது. ஸ்பீக்கரை இழுத்து, ஒயரின் கெட்டுப்போன நுனியை வெட்டினாள். குப்பை டப்பா காலடியிலேயே இருந்தது. துண்டைத் தரையில் போட்டாள்.

"தம்பி, இங்க கொஞ்சம் குப்பை கெடக்கு பாருங்க."

அவன் குனிந்து பொறுக்கி நிமிர்வதற்குள் இன்னொரு துண்டை வெட்டிப் போட்டாள்.