சித்தி பஸ் ஏறிய சனிக்கிழமை

சித்திக்கு வேலை கிடைத்தபோது எங்கள் பாலக்கரை வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தாத்தா மட்டும், “நல்ல விஷயம்தான்” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

சித்தி என் அம்மாவின் தங்கை. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. அந்தக் காலைத் தாங்க இரும்பும் தோலும் சேர்த்துச் செய்த காலிப்பர், கையில் ஒரு ஊன்றுகோல். அஞ்சல் வழியில் கணக்கில் எம்.எஸ்சி. முடித்து, தெருப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வெளியே போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குத்தான். அதற்கும் தாத்தா வாசலில் ஆட்டோ கொண்டுவந்து நிறுத்துவார்.

வேலை ஸ்ரீரங்கத்தில், ஒரு சின்னப் பள்ளியில். தினமும் ஆட்டோவில் போய்வரக் கட்டுப்படியாகாது. “பஸ்ல போறேன்” என்றாள் சித்தி.

“நல்லா நடக்கிறவங்களே படியில தொங்கிக்கிட்டுப் போறாங்க. நீ எப்படிப் போவே?” என்றார் தாத்தா.

இரண்டு மூன்று நாள் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் தாத்தா ஒரு தீர்ப்பு சொன்னார். சனிக்கிழமை ஒரு தடவை போய்வந்து காட்டட்டும். ஆனால் யாரும் தூக்கி ஏற்றக் கூடாது, தினமும் தூக்கிவிட ஆள் நிற்குமா? சாட்சிக்கு நான். நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்குப் பொய் சொல்ல வராது என்பது குடும்பத்தில் ஒரு குறையாகவே பேசப்பட்டு வந்தது. அன்றைக்கு அதுவே என் தகுதியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை ரவுண்டானா பக்கத்து ஸ்டாப்பில் போய் நின்றோம். முதல் பஸ் நடுரோட்டிலேயே நின்றது. நாங்கள் அதை நோக்கி நடக்க ஆரம்பித்தபோது கண்டக்டர் சித்தியின் ஊன்றுகோலைப் பார்த்தார். பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு விசில் ஊதினார்.

இரண்டாவது பஸ் கொஞ்சம் ஓரமாக வந்தது. ஆனால் அதன் முதல் படி சித்தியின் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. அவள் கம்பியைப் பிடித்து எக்கிப் பார்க்கும்போதே பின்னால் நின்ற பருமனான ஒருவர், “பிடிச்சுக்கம்மா, நான் தூக்கிடறேன்” என்று அக்குளில் கை கொடுத்துவிட்டார்.

“விடுங்க! தொடாதீங்க!”

சித்தி அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் பயந்து கையை எடுத்தார். பஸ்ஸும் போய்விட்டது. “உதவி பண்ண வந்தா இப்படிக் கத்துறீங்களே” என்று அவர் முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்தார்.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. “வீட்டுக்குப் போயிடலாமா சித்தி?”

அவள் ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டாப்பைத் தாண்டி ஒரு இரும்புக்கடை. அதன் வாசலில் சாக்கடையை மூடியிருந்த சிமெண்டுப் பலகை மேடைபோல உயர்ந்திருந்தது. சித்தி அங்கே போய், கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டு அதன்மேல் ஏறி நின்றாள்.

“ஸ்டாப் அங்க இருக்கு சித்தி.”

“தெரியும். நீ வந்து பக்கத்துல நில்லு.”

அடுத்த பஸ் வந்தது. சித்தி ஊன்றுகோலைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். தலை நரைத்த டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “என்னம்மா?”

“அண்ணே, இந்த மேடையை ஒட்டி நிறுத்துறீங்களா? நானே ஏறிக்குவேன்.”

பின்னால் ஹாரன் அலறியது. உள்ளே யாரோ, நேரமாகிறது என்று சத்தம் போட்டார்கள். கண்டக்டர் இறங்கி வந்து, “வாங்கம்மா, நாங்க தூக்கிவிட்டுடறோம்” என்றார்.

“தூக்க வேணாங்க. வண்டி பக்கத்துல வந்தா போதும்.”

டிரைவர் மேடையைப் பார்த்தார், சித்தியின் காலைப் பார்த்தார். பிறகு ஊசியில் நூல் கோப்பவர்போல மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு வந்து, கதவை மேடைக்கு நேராக நிறுத்தினார். படியும் மேடையும் ஏறக்குறைய ஒரே மட்டம். சித்தி ஊன்றுகோலை உள்ளே வைத்தாள், கம்பியைப் பிடித்தாள், ஏறிவிட்டாள். காய்கறிப் பையோடு ஏறும் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவுதான் ஆனது.

காவிரிப் பாலத்தில் போகும்போது சித்தி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். “இன்டர்வியூவுக்கு ஆட்டோவுல வந்தப்ப கைப்பிடிச் சுவர் மறைச்சிடுச்சு. இவ்வளவு தண்ணியா ஓடுது!” என்றாள். ஸ்ரீரங்கத்தில் இறங்க மேடை எதுவும் இல்லை. கடைசிப் படியில் உட்கார்ந்து, காலைக் கீழே விட்டு எழுந்தாள். புடவையெல்லாம் புழுதி. பள்ளிக்கூட கேட் பூட்டியிருந்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தாள். திரும்பும்போதும் அப்படியே படியில் உட்கார்ந்து பின்பக்கமாக ஏறினாள். ஊரே பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை.

வீட்டில் நான் நடந்ததெல்லாம் சொன்னேன், போய்விட்ட பஸ்கள் உட்பட. தாத்தா கடைசிவரை கேட்டுவிட்டு, “திரும்பி வர்றப்ப உட்கார இடம் கிடைச்சுதா?” என்றார்.

“இல்ல தாத்தா, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நின்னுகிட்டேதான் வந்தாங்க.”

அவர் அம்மாவைக் கூப்பிட்டு, “திங்கக்கிழமைக்கு அவளுக்கு ஒரு டிபன் பாக்ஸ் எடுத்து வை” என்றார்.

நான் பிற்பாடு இன்ஜினியரிங் படித்து, நகரப் போக்குவரத்தைத் திட்டமிடும் வேலைக்கு வந்தேன். ஸ்டாப்பின் நடைமேடை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், அதை ஒட்டி பஸ் எப்படி வந்து நிற்க வேண்டும், சக்கர நாற்காலி எந்த வழியாக ஏற வேண்டும் என்பதெல்லாம் என் தினசரித் தலைவலி. சித்தியின் தைரியம்தான் என்னை இதற்குக் கொண்டுவந்தது என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தைரியசாலிதான், சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்கு அவள் கால் மாறவில்லை. பஸ்தான் மேடையை ஒட்டி வந்து நின்றது. இதை நான் வரைபடத்தில் கோடு போடக் கற்றுக்கொண்ட பிறகுதான் கண்டுபிடித்தேன். சித்தி இரும்புக்கடை வாசலில் நின்றே கண்டுபிடித்திருந்தாள்.

அந்த வயதில் எனக்குப் புரியாத இன்னொன்றும் உண்டு. வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் சித்தி வந்ததும் வராததுமாகப் பையைக் கட்டிலில் எறிந்தாள். “சே, என்ன பஸ்ஸோ! ஒரே கூட்டம், வியர்வை நாத்தம். அந்தக் கண்டக்டர் சில்லறைக்கு அந்தப் பேச்சு பேசுறான்!” அம்மா தன் பஸ் கதையை எடுத்துவிட்டாள். தண்ணீர் பிடிக்க வந்த பக்கத்து வீட்டு அக்காவும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டாள். மூவரும் மாறி மாறித் திட்டினார்கள். இருப்பதிலேயே அதிகமாகத் திட்டியது சித்திதான். திட்டத் திட்ட அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது.

எனக்கு மனசே ஆறவில்லை. அன்று ராத்திரி ஜெபம் சொல்லும்போது, சித்திக்கு பஸ் மறுபடியும் பிடித்துப்போக வேண்டும் என்று மாதாவிடம் உருகி வேண்டிக்கொண்டேன்.