வில்தகட்டின் மறுபாதி

போன மழைக்காலத்தில் நடந்தது இது. மலையகத்தில் டயகமப் பக்கம் மண் சரிந்து பாதை இரண்டு இடங்களில் அறுந்து கிடந்தது. அங்கே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட மைதானத்தில் அரிசி, கோதுமை மா மூட்டைகளை இறக்கப் போன சிறிய ஹெலிகாப்டரில் நானும் இருந்தேன். நான் பூண்டுலோயாவில் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள். இப்போது கொழும்புப் பக்கம் ஹெலிகாப்டர் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறேன். "பொம்பளப் புள்ள ஸ்பேனர் புடிக்குதாம்" என்று சொந்தக்காரர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், ஸ்பேனர் என் கையில்தானே இருக்கிறது.

மூட்டைகளை இறக்கி முடிக்கிற நேரத்தில் தோட்டத்து மருத்துவிச்சி ஓடி வந்தார். பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு பெண் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்றார். ஆகாயத்தில் போனால் நுவரெலியா ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். விமானி, வயதான சிங்களவர், மலையைப் பார்த்தார். மேலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. "நங்கி, இக்மன் கரமு" என்றார். தங்கச்சி, சீக்கிரம் என்று அர்த்தம்.

கிளம்புமுன் எண்ணெய் பார்க்க இயந்திரத்தின் மேல்மூடியைத் திறந்தேன். பார்த்துவிட்டு மூடிப் பூட்டும்போது ஒரு பூட்டு மட்டும் கவ்வவில்லை, திருகத் திருகச் சும்மா சுற்றியது.

அந்தப் பூட்டு பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. த்ரீவீலரில் மழைக்கு இறக்குகிற பக்கப் படங்குச் சீலையைத் திருகி மாட்டுகிற பொத்தான் மாதிரிதான். மூடியில் ஓர் ஆணி இருக்கும். கால் சுற்று திருகினால், சட்டத்தில் ரிவெட் அடித்துப் பதித்திருக்கிற சின்னக் கிண்ணம் அதைக் கவ்விக்கொள்ளும். ரிசெப்டக்கிள் என்போம். அந்தக் கிண்ணத்துக்குள் இருந்த, இரு முனையிலும் ரிவெட் ஓட்டை உள்ள வில்தகடு முறிந்து, பாதி மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபாதியைக் காணோம்.

ஒரு பூட்டு இல்லாமல் பறக்கலாம், அதற்கு எங்கள் கையேட்டில் அனுமதி உண்டு. ஆனால் உடைந்த துண்டு எங்கே என்று தெரியாமல் பறக்க முடியாது. விமானியின் கைப்பிடியிலிருந்து மேலே விசிறிக்குப் போகிற கம்பிகள் அந்த மூடிக்குக் கீழேதான் அசைகின்றன. நக அளவு தகடு அதில் சிக்கினால் போதும், வானத்தில் வைத்து எதையும் திருப்ப முடியாது. நான் மூடியைத் திறந்தபோது அது தெறித்துப் புல்லில் விழுந்திருந்தால் நல்லது. வரும் வழியிலேயே முறிந்திருந்தால் உள்ளேதான் கிடக்கும்.

டார்ச்சும் கண்ணாடியும் வைத்து உள்ளே துழாவினேன். கண்ணில் படவில்லை. வராந்தாவிலிருந்து அந்தப் பெண் அலறுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

மூட்டை சுமக்க வந்திருந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் சுற்றி நின்றார்கள். அவர்களை வேலை வாங்குகிற கங்காணியாக இருந்த அம்மா, "என்னா மிஸ் தேடுறீங்க?" என்று கேட்டார். படங்குப் பொத்தான் கதையைச் சொல்லி, மிச்சமிருந்த பாதித் தகட்டையும் கழற்றிக் காட்டினேன். "உள்ளாற இல்லாட்டி இந்தப் புல்லுலதான் கெடக்கணும்ங்கம்மா" என்றேன்.

அவர் திரும்பி ஒரு சத்தம் போட்டார்.

"ஆளுக்கொரு நெர புடிங்கடி! மலையில கொழுந்து எடுக்கிற மாதிரி, ஒரு பொட்டு வுடக்கூடாது!"

ஹெலிகாப்டரைச் சுற்றிப் பெண்கள் வரிசை கட்டி நின்று, ஆளுக்கு ஒரு நிரையாகப் பிடித்துக் குனிந்தார்கள். ஈரப் புல்லை விரலால் விலக்கி விலக்கி நகர்ந்தார்கள். சோடா மூடி வந்தது, ஊக்கு வந்தது, எந்த விளையாட்டுப் போட்டியில் தொலைந்ததோ ஒரு தோட்டுத் திருகாணியும் வந்தது. "அடியே, தங்கமா பாருடி" என்று ஒருத்தி கேட்க, "தேடுடி மொதல்ல" என்று கங்காணியம்மா அதட்டினார். மூடுபனி பள்ளிக்கூடக் கூரைக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் புருஷன் மைதானத்து ஓரத்திலிருந்து ஓடி வந்தான். த்ரீவீலர் ஓட்டுகிற பையன். பாதை இல்லாமல் வண்டி அங்கேயே நின்றிருந்தது. "கெடச்சிருச்சு மிஸ்! கெடச்சிருச்சு!" என்று என் உள்ளங்கையில் ஒரு தகட்டுத் துண்டை வைத்தான்.

பெண்கள் கை தட்டினார்கள். மருத்துவிச்சி சாமியைக் கும்பிட்டார். விமானி "ஹரி, யமு" என்று ஏறி உட்கார்ந்தார். சரி, போவோம் என்கிறார். எனக்கும் போக வேண்டும் போலத்தான் இருந்தது. அதுதான் அந்தத் துண்டு, அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

பாதித் தகட்டோடு அதைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. ரிவெட் ஓட்டை இல்லை, இரண்டு முனையும் அப்போதுதான் ஒடித்த மாதிரிப் பளபளத்தன. ஓரத்தில் கறுப்பாக ரப்பர் ஒட்டியிருந்தது. அவனுடைய த்ரீவீலரைப் பார்த்தேன். வைப்பர் பிய்ந்து தொங்கியது.

ஓங்கி ஓர் அறை விடலாம் போல வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை. பெண்டாட்டியின் அலறலைக் கேட்டுக்கொண்டே வைப்பரை ஒடித்திருக்கிறான். பொத்தான் கதையைச் சொல்லி வழி காட்டியதும் நான்தான்.

"இது இல்ல தம்பி. நம்மளோடதுல ஓட்ட இருக்கும்" என்று அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது, தலையைக் குனிந்துகொண்டான். கை தட்டியவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "புள்ளத்தாச்சி சாகக் கெடக்கா, இந்தம்மா ஓட்டய பாக்குது" என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது.

கங்காணியம்மா மட்டும் நிரையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். அவரைப் பார்த்துத் திரும்பவும் குனிந்த மற்றவர்களும் தங்கள் நிரையை முடித்து ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கிரவுண்டுல இல்ல மிஸ். இருந்தா எங்க கையில மாட்டியிருக்கும்."

அவர் சொன்ன விதத்தில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. வெளியில் இல்லையென்றால் உள்ளேதான். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி ஏறினேன். கண்ணாடிக்கு எட்டாத இடத்தில், கம்பிகள் வந்து சேருகிற மூட்டுக்கு அடியில், கையை நுழைத்துத் தடவினேன். முழங்கை வரை தோல் உரிந்தது. கிரீசுக்குள் ஏதோ சுருக்கென்று குத்தியது.

ரிவெட் ஓட்டையோடு வந்தது மறுபாதி. பாதித் தகட்டோடு சேர்த்தேன், முறிந்த இடம் கோணல்மாணலாக அப்படியே பொருந்தியது.

விமானி எட்டிப் பார்த்தார். அது கிடந்த இடத்தைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். பக்கத்தில் நின்ற அந்தப் பையனும் பார்த்தான். அவன் கொடுத்த துண்டை நம்பிக் கிளம்பியிருந்தால் அவள் எதில் ஏறியிருப்பாள் என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மற்றப் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகிச் சரிபார்த்தேன். அந்தப் பெண்ணை, படுத்திருந்த படங்குச் சீலையோடு தூக்கி ஏற்றினார்கள். மருத்துவிச்சி ஏறினார். மிச்சம் இருந்தது என் இடம்தான்.

"ஏறு தம்பி" என்றேன்.

"நான் வேணாம் மிஸ். நான் செஞ்ச வேலைக்கு…" என்று இழுத்தான்.

"வாய மூடிக்கிட்டு ஏறு. அவ கண்ணு முழிக்கயில நீ இருக்கணும்."

ஹெலிகாப்டர் மூடுபனிக்குள் போய் மறைந்தது. சத்தம் தேய்ந்து போகிற வரைக்கும் நானும் அந்தப் பெண்களும் அசையாமல் நின்றோம். கங்காணியம்மா என் கையை விடவே இல்லை. சாயங்காலம் மருத்துவிச்சியிடமிருந்து போன் வந்தது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். மறுநாள் நான் மண்சரிவைத் தாண்டி நடந்துதான் ஊர் திரும்பினேன்.

வைப்பர் சங்கதியை அங்கே நான் யாரிடமும் சொல்லவில்லை, இன்றைக்குத்தான் அவன் பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன். "கிடைத்துவிட்டது" என்று அவன் சொன்னதைக் கேட்க அன்று எல்லோருக்கும் ஆசையாக இருந்தது, "இல்ல மிஸ்" என்பதைக் கேட்க யாருக்கும் பிடிக்கவில்லை. அந்தக் குழந்தை இன்று உயிரோடு தவழ்கிறது என்றால், ஒரு புல்லையும் விடாமல் தேடிவிட்டு இல்லை என்று சொன்ன அந்தப் பெண்களால்தான். அதனால் இப்போதெல்லாம் யாராவது நன்றாகத் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றால் எனக்குக் கோபம் வருவதில்லை, கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது.